காலடி அக்காவின் காது

ஃப்ரிட்ஜை அணைத்த பிறகுதான் அக்கா நடக்கத் தொடங்குவார். அதற்கு முன்பே மின்விசிறி நின்றிருக்கும். சுவர்க் கடிகாரம் மெத்தைக்கு அடியில் போயிருக்கும். வாசல் கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துண்டு அடைக்கப்பட்டிருக்கும். மோதிரத்தைக் கழற்றிச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, தரையில் வரிசையாக இருக்கும் தட்டுகளில் ஒன்றைக் காலால் தன் பக்கம் இழுப்பார். மைக்கின் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்ப்பார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே, ஒரு கொலைகாரனைப் போல நடப்பார்.

ஒரு தட்டில் மணல், ஒன்றில் சரளைக் கல், ஒன்றில் காய்ந்த இலை, ஒன்றில் ஈரச் சாக்கு. இவற்றுக்குப் பக்கத்தில் இரும்புப் படிக்கட்டின் ஒரே ஒரு படி. வெல்டிங் பட்டறைக்காரரிடம் அதைக் கேட்டபோது, “மிச்சப் படியெல்லாம் எங்கம்மா?” என்று அவர் விசாரித்தாராம். செருப்பும் பூட்ஸுமாகப் பதினேழு ஜோடி, பாதிக்கு மேல் ஆண்களுடையவை, பழைய சாமான் கடையில் பொறுக்கியவை. “நம்ம வீட்டுல என்ன விசேஷம்னு மாடி வீட்டுல கேக்கறாங்க,” என்பார் அக்காவின் வீட்டுக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர், அலட்டிக்கொள்ளாத மனிதர். “வாசல்ல இவ்ளோ செருப்பு கெடக்கு, உள்ள ஒருத்தரையும் காணோமேங்கறாங்க.” ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்து பால் திரிந்துபோன நாட்களில் மட்டும் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்பார்:

“இன்னிக்குக் கப்பல்ல யாரு போனாங்க?”

“சமையல்காரன்.”

“பாலையும் கூட்டிட்டுப் போயிட்டானா?”

அந்தக் கப்பல் இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தொலைக்காட்சியில் வந்த ஒரு தொடரைச் சேர்ந்தது. நடுக்கடலில் நின்றுபோன சரக்குக் கப்பலில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். கடைசியில் மிஞ்சுவது வயர்லெஸ் அறையில் இருக்கும் ஒரு பெண். இரும்புப் படியில் யாரோ இறங்கி வருகிற சத்தம் கேட்கும். அவள் கதவைப் பார்ப்பாள். ‘தொடரும்’ என்று போட்டார்கள். தொடரவில்லை. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் சினிமாப் பாட்டு வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது நாற்பத்து மூன்று பேர், வெவ்வேறு ஊர்களில் உட்கார்ந்துகொண்டு, ஒருவரையொருவர் நேரில் பார்க்காமல், இணையத்தில் கூடி, அந்தத் தொடரின் மீதிக் கதையைத் தாங்களே படமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. கதை தங்களுடையது இல்லை என்பதால் விற்கவும் முடியாது. ஒருவர் கப்பலை வரைகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தையல்காரர் ஒருவர் மாலுமிச் சட்டைகள் தைத்து அஞ்சலில் அனுப்புகிறார். பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் ஒரு பெண், பின்னால் கப்பலை ஒட்டிக்கொள்ள வசதியாக, பச்சைத் துணிக்கு முன்னால் நின்று வயர்லெஸ்காரியாக நடிக்கிறாள். எல்லோரையும் கட்டி மேய்க்கிறவர் ஒரு பூகோள ஆசிரியர். குழுவில் அவர் ‘கேப்டன்’. நடக்கிற சத்தம் எல்லாம் அக்கா கொடுப்பதால் அக்காவுக்குக் ‘காலடி’ என்று பெயர் விழுந்தது. வயதைச் சொன்ன பிறகு காலடி அக்கா ஆனார்.

குழுவில் சேரும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரே ஒரு கேள்விதான் உருப்படியானது: ஏன் சேர விரும்புகிறீர்கள்? அந்தப் பதில்களை எல்லோரும் படிக்கலாம். அக்கா ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் படிப்பார். ‘லீவு நாள்ல வீட்டுல சண்டை வராம இருக்க’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘முழங்கால் வலி, கடையை மூடிட்டேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது’ என்று தையல்காரர். ‘கடைசில பேரெல்லாம் மேல ஓடுமே, அதுல என் பேரும் ஓடணும்’ என்று இன்னொருவர். கேப்டன் தன்னுடைய பதிலை நாலு வரியில் எழுதிவிட்டு அழித்து, ‘சும்மாதான்’ என்று போட்டிருந்தார். அக்கா எழுதியது இரண்டே சொல்: ‘முடிவு தெரியணும்.’

அதற்குக் காரணம் அவருடைய இன்னொரு வேலை. காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை, அவசர அழைப்புகளை எடுக்கும் அறையில், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தபடி பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். தீ, விபத்து, நெஞ்சுவலி, அடிதடி எல்லாம் முதலில் அவர் காதில்தான் விழும். “மெதுவா சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்” என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை சொல்வார். பேசுகிறவர் குளியலறையில் நிற்கிறாரா, படிக்கட்டில் நிற்கிறாரா என்று எதிரொலியை வைத்தே சொல்லிவிடுவார். அழுகிற குழந்தைக்குப் பசியா காயமா என்று தெரியும். விலா அடிபட்டவர்கள் மூச்சைப் பாதியில் விட்டுவிடுவார்கள். குடித்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. இவ்வளவும் தெரிந்தவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: பிறகு என்ன ஆயிற்று. வண்டி போய்ச் சேர்ந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். கேட்கக் கூடாது என்பது விதி. ஆயிரக்கணக்கான வீடுகளின் வாசல் வரை போய்த் திரும்பியவர் அவர்.

அதனால் பயம் அவருக்குக் கூடப் பிறந்ததுபோல் ஆகிவிட்டது. பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் இருக்கையைத் தவிர வேறு எங்கும் உட்கார மாட்டார். எந்தக் கடைக்குள் போனாலும் இரண்டாவது வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் சாமானைப் பார்ப்பார். வீட்டுக்காரர் குளிக்கப் போனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டுவார். “இருக்கேம்மா, இன்னும் போகல,” என்று உள்ளிருந்து பதில் வரும்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் ஒரு அழைப்பு வந்தது. யாரும் பேசவில்லை. கரகரவென்று இழுத்து இழுத்து வருகிற மூச்சு மட்டும் கேட்டது. யாரோ கழுத்தைப் பிடிக்கிறார்கள் என்று அக்கா முடிவு செய்து வண்டியை அனுப்பிவிட்டார். போய்ப் பார்த்தால் ஒரு பெரியவர் தொலைபேசிமேல் தலைவைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வேறொரு வீட்டுக்குப் போக வேண்டிய வண்டி ஒன்பது நிமிடம் தாமதமாகப் போனது. அங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்று மேலதிகாரிகள் மூன்று பேர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று அக்கா கைக்கு வந்தது. “உங்க காது நல்ல காதுதான்,” என்றார் சூப்பர்வைசர். “ஆனா கேக்காததையும் கேக்குது.” அன்றிலிருந்து காதில் விழுந்ததை இரண்டு தடவை சந்தேகப்பட்ட பிறகே அக்கா நம்புவார்.

இந்த நிலையில்தான் குருவி வந்தாள்.

பச்சைத் துணிக்கு முன்னால் நடிக்கிற பெண்ணுக்கு முகம் நன்றாக இருந்தது, குரல் எடுபடவில்லை. வயர்லெஸ்காரிக்குக் குரல் கொடுக்க ஆள் வேண்டும் என்று கேப்டன் அறிவித்ததும் இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்று வந்தது. அனுப்பியவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் குருவி. வயது முப்பதோ முப்பத்தொன்றோ. வீட்டிலிருந்தபடி ஓர் அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலை செய்கிறாள். மைக் இல்லை என்றாள். தையல்காரர் தன்னிடம் இருந்த ஒன்றைத் துணிப்பையில் சுற்றி அனுப்பிவைத்தார். வாரம் ஒரு காட்சி என்று அவள் அனுப்பத் தொடங்கினாள். “நம்ம கதவுக்கு வெளிய யாரோ நிக்கறாங்க” என்று அவள் கிசுகிசுக்கும்போது குழுவில் பாதிப்பேருக்கு மயிர்க்கூச்செறிந்தது. “என்ன நடிப்பு, என்ன நடிப்பு” என்று கேப்டன் எழுதினார். ஏழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

குருவியின் பதிவுகளைச் சுத்தம் செய்கிற வேலையும் அக்காவுக்குத்தான் வந்தது. பின்னால் ஓடும் விசிறி, தெருவில் போகும் வண்டி, நாற்காலி முனகல் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, குரலை மட்டும் எடுத்து, தன் இரும்புப் படியின் காலடிகளை அதன்கீழ் பொருத்த வேண்டும். படியில் இறங்குகிறவர் அக்கா. கேட்டு நடுங்குகிறவள் குருவி. இப்படியே மூன்று மாதம் போனது. எழுத்தில் குருவி அதிகம் பேச மாட்டாள். “சரியா வந்துச்சா அக்கா?” என்று கேட்பாள். ஒரு தடவை மட்டும், “ஏழு மணிக்கு மேல எனக்கு எதுவும் எழுதாதீங்க அக்கா, வீட்ல கம்ப்யூட்டர எடுத்துப் பாப்பாங்க” என்று எழுதினாள். யார் பார்ப்பார்கள் என்று அக்கா கேட்கவில்லை. பலருடைய வீட்டிலும் ஒரே கணினிதான்.

பன்னிரண்டாவது வாரப் பதிவில், வசனம் முடிந்த பிறகு குருவி மைக்கை நிறுத்த மறந்திருந்தாள். அதை வெட்டி எறியப் போன அக்கா நிறுத்திவிட்டுக் கேட்டார். முதலில் ஒரு கதவு திறந்தது.

“யாருகிட்ட பேசிட்டிருந்த?” ஓர் ஆண் குரல். கோபமே இல்லாத குரல்.

“ஆபீஸ் வேலை. படிச்சு அனுப்பணும்.”

“எதை?”

“சும்மா, ரெண்டு வரிதான்.”

கதவு மூடிக்கொண்டது. பிறகு இரும்பு உரசுகிற சத்தம். அறைக்குள்ளே தாழ்ப்பாள் போட்டால் இரும்பு துல்லியமாகக் கேட்கும். இந்த இரும்பு மரத்துக்கு அந்தப் பக்கம் மங்கலாக உரசியது. வெளியே போனவன் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

கேக்காததையும் கேக்குது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருக்கும், பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாளாக இருக்கும். ஃப்ரிட்ஜைப் போட்டார், கடிகாரத்தை எடுத்து மாட்டினார், மறுபடி உட்கார்ந்து கேட்டார். அதே சத்தம். அடுத்த வாரப் பதிவு இரண்டு நாள் தாமதமாக வந்தது. ‘நம்ம கதவுக்கு வெளிய’ என்கிற இடத்தில் குருவி மூச்சை எடுத்தாள். பாதியில் நிறுத்தி, கவனமாக, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ஒவ்வொரு வரிக்கும் அப்படியே. கேப்டன் குழுவில் எழுதினார்: “இந்தத் தடவை உச்சம். அந்த மூச்சைக் கவனிங்க.” அக்கா கவனித்தார். அது விலாவில் அடிபட்டவளின் மூச்சு.

அன்று படிவத்தில் குருவியின் பதிலைத் தேடிப் படித்தார். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அவள் எழுதியிருந்தாள்: ‘என் குரல் யாருக்காவது கேக்கணும்.’ மூன்று மாதத்துக்கு முன் இதே வரியைப் படித்து, நடிப்பு ஆசை உள்ள பெண் போலிருக்கிறது என்று அக்கா நினைத்திருந்தார்.

கேப்டனிடம் தொலைபேசியில் பேசினார். ஆசிரியர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “அக்கா, அந்தப் பொண்ணு நல்லா நடிக்குது. அதனாலதான் உங்களுக்கு அப்படித் தோணுது,” என்றார்.

“நடிக்கறவங்க மூச்சை இழுப்பாங்க சார். இவ மறைக்கறா.”

“நாம யாரோ அவங்க யாரோ. தப்பா இருந்தா அவ வாழ்க்கையில நாமளே போய்க் குழப்பம் பண்ணினதா ஆயிடும். எனக்குப் பயமா இருக்கு அக்கா.”

“எனக்கும்தான்,” என்றார் அக்கா.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நேரடியாக எழுத முடியாது. எழுதினதையெல்லாம் படிக்கிற ஒருவன் இருக்கிறான். வேலை அறையில், பேச முடியாத நிலையில் இருந்து அழைப்பவர்களிடம் ‘ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க’ என்று கேட்பது உண்டு. நாலாவது நாள் பகல் மூன்று மணிக்கு அக்கா ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் ஓர் ஆணின் கண்ணால் படித்துப் பார்த்து எழுதினார்.

‘குருவிக்கு, ஒலிக் குறிப்பு. பதிவில் தாழ்ப்பாள் சத்தம் வருகிறது. அது உங்கள் பக்கத்துத் தாழ்ப்பாள் என்றால், “கடல் அமைதியா இருக்கு” என்ற வரியை மட்டும் படித்து அனுப்பவும். கதவுக்கு அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் என்றால், “இங்க காத்து அதிகம்” என்ற வரியைப் படிக்கவும். மூச்சுச் சத்தம் மைக்கினால் வருகிறது என்றால் ஒரு தடவை படித்தால் போதும். மைக்கினால் இல்லை என்றால் இரண்டு தடவை படிக்கவும்.’

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தபோது பதிவு வந்திருந்தது. பதினொரு வினாடி. அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் காதில் மாட்டினார்.

“இங்க காத்து அதிகம்.”

ஒரு பாதி மூச்சு.

“இங்க காத்து அதிகம்.”

அப்புறம் நடிப்பில்லாத குரலில், மெல்ல: “சரியா வந்துச்சா அக்கா?”

அக்கா சமையலறைத் தரையில் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். காதில் விழுந்தது உண்மையாக இருந்தது என்பதில் அவருக்குத் துளியும் நிம்மதி இல்லை. பொய்யாக இருந்திருக்கலாமே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் யார் வீட்டுக்கும் ஆள் அனுப்பக் கூடாது. ‘சரியாக வந்தது’ என்று எழுதினார். ‘இந்தக் காட்சிக்குக் கூட ஆள் தேவைப்படுமா? உங்கள் பக்கம் எந்த நேரத்தில் சத்தம் இருக்காது?’

பதில் எழுத்தில் வரவில்லை, குரலில் வந்தது. “பத்து மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் சத்தமே இருக்காது. ஆள் வந்தா நல்லா இருக்கும்.” கொஞ்சம் இடைவெளி. “சீக்கிரம் வந்தா நல்லா இருக்கும்.”

விலாசம் தையல்காரரிடம் இருந்தது. மைக்கை அனுப்பியபோது தபால் நிலையத்தில் கொடுத்த ரசீதை அவர் சட்டைப் பட்டன்கள் போட்டு வைக்கும் டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. “இருக்கும்மா. படிச்சுச் சொல்லட்டா?” என்றார். தெருப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக இரண்டு தடவை படித்தார். பிறகு, “அந்தப் பொண்ணு குரல் எனக்கும் என்னமோ பண்ணிச்சு. கிழவனுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்,” என்றார்.

அடுத்த நாள் அக்கா லீவு போட்டார். பத்தே கால் மணிக்கு, குருவி இருக்கிற தொலைதூர நகரத்தின் அவசர எண்ணை அழைத்தார். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மறுமுனையில் ஓர் இளைஞன் எடுத்தான்.

“சொல்லுங்க, என்ன ஆச்சு?”

பத்தொன்பது வருடமாக மக்கள் ஏன் உளறுகிறார்கள் என்று அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. விலாசத்தை முதலில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ பேரிடம் ‘விலாசம், முதல்ல விலாசம்’ என்று கேட்டவர். வாயில் வந்தது வேறு. “நாங்க ஒரு படம் எடுக்கறோம்,” என்றார். “அதுல ஒரு கப்பல்.”

“அம்மா, எங்கேருந்து பேசறீங்க?”

“நான் வேற ஊருங்க. அந்தப் பொண்ணு உங்க ஊரு.”

“நீங்க நேர்ல பாத்தீங்களா?”

“இல்ல. கேட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

தாழ்ப்பாள் என்று சொல்ல வாய் திறந்தார். மூன்று பேர் கையெழுத்துப் போட்ட தாள் கண்முன் வந்து நின்றது. மறுபடி தப்பானால் வேலை போகும் என்பதைவிட, இனி தன் காதைத் தானே நம்ப முடியாமல் போகும் என்ற நினைப்புதான் அவரை நிறுத்தியது. வைத்துவிடலாமா என்றுகூட இருந்தது.

“மெதுவா சொல்லுங்க,” என்றான் அந்த இளைஞன். “நான் இங்கதான் இருக்கேன்.”

அந்த வாக்கியத்தின் மறுபக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது. சுவரில் சாய்ந்துகொண்டார். விலாசத்தைச் சொன்னார். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை, பாதி மூச்சை, ஒரு மணி வரைதான் நேரம் இருப்பதைச் சொன்னார். நான்கு நிமிடம் ஆயிற்று. அவன் எல்லாவற்றையும் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஆள் அனுப்பறோம்மா. அப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களால உங்ககிட்ட சொல்ல முடியாது.”

“தெரியும் தம்பி,” என்றார் அக்கா.

அதன்பின் பதினொரு நாள். வேலைக்குப் போனார், வந்தார். தட்டுகளைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மாலை குருவியின் பெயரிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘காலடி யாரு.’ அவ்வளவுதான். ‘அக்கா’ இல்லாமல் குருவி ஒரு வரிகூட எழுதியதில்லை. ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று: ‘எந்த ஊரு நீ.’ அப்புறம்: ‘கண்டுபிடிச்சிடுவேன்.’

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தபோது கதவு திறக்கவில்லை. உள்ளே நாற்காலியும் அதன்மேல் அரிசி டின்னும் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. குரலை மூன்று தடவை கேட்ட பிறகே அக்கா திறந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குக் கிண்டல் எழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, “என்னம்மா ஆச்சு?” என்றார். இத்தனை வருடத்தில் வேலையில் கேட்டது எதையும் அக்கா வீட்டில் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பதோடு, சொல்லி அவரையும் பயமுறுத்துவானேன் என்பதும் உண்டு. அன்று குருவியின் கதை முழுவதையும் சொன்னார்.

வீட்டுக்காரர் அரிசி டின்மேல் உட்கார்ந்து கேட்டார். “அவனுக்கு உன் பேரு தெரியாது. ஊரு தெரியாது. மூஞ்சி தெரியாது,” என்றார் கடைசியில். “இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்துறேன், நீ என்ன பண்றன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது. அவன் எங்க கண்டுபிடிக்கப் போறான்?”

“அவளை என்ன பண்ணினானோ.”

மறுநாளிலிருந்து வீட்டுக்காரர் அரை மணி முன்னதாக வேலையிலிருந்து வந்துவிட்டார். வந்ததும், கேட்காமலே, கதவுக்கு முட்டுக் கொடுத்தார். படிக்கட்டில் யார் ஏறினாலும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். மாடி வீட்டுக்காரர் என்று தெரிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். குழுவில் குருவியைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. விஷயம் தெரிந்த கேப்டன் மட்டும் தினமும் காலையில் அக்காவுக்குத் தனியாக ஒரு கேள்விக்குறி அனுப்புவார். இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று அக்கா ஒரு புள்ளி வைத்து அனுப்புவார்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல். புது எண்ணிலிருந்து அழைப்பு. மணி முழுதாக அடித்து ஓயும்வரை அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி அடித்தது. இயர்ஃபோன் இரண்டையும் மாட்டிக்கொண்டு எடுத்தார், பேசவில்லை.

முதலில் பாத்திரம் கழுவுகிற சத்தம். ஒரு குழந்தை ஏதோ கேட்டது. ஒரு பெண் அதை அதட்டினாள். பெரிய அறை, ஜன்னல் திறந்திருக்கிறது.

“அக்கா, நான்தான்.”

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எங்க அக்கா வீட்டுல இருக்கேன். மைக்கு வந்த பையில டெய்லர் ஐயா நம்பர் இருந்துச்சு, அவர்தான் உங்க நம்பரைக் கொடுத்தாரு. கேக்குதா?”

“கேக்குது.”

குருவி சொன்னாள். அன்று பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேர் வந்தார்களாம், ஒரு பெண் போலீஸும் ஓர் ஆணும். யாரும் இல்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு திரும்பப் பார்த்தார்களாம்; விலா வலியில் இவளால் கத்த முடியவில்லை. இவள் கையில் கிடைத்தது தையல்காரரின் மைக். அதைக்கொண்டு கதவை அடித்தாள். “மைக்கு உடைஞ்சிடுச்சு அக்கா. ஐயாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்புறம் ஆஸ்பத்திரில ரெண்டு எலும்புல கீறல்னாங்க. சேர்ந்துடும்னாங்க. என் வீட்டுக்காரரைப் பிடிச்சாங்க, அன்னிக்கு சாயங்காலமே விட்டுட்டாங்க. கம்ப்யூட்டர் அவர்கிட்டதான் இருக்கு. தேடிட்டிருக்காருன்னு கேள்விப்பட்டோம். எங்க அக்கா வீடு அவருக்குத் தெரியும். நாளைக்கு வேற எடத்துக்கு மாறறோம்.” நிறுத்தினாள். “உங்களுக்கு ஏதாவது எழுதினாரா?”

“இல்ல,” என்றார் அக்கா.

“ஆபீஸ்ல குரல் வேலைன்னு சொல்லித்தான் உங்களுக்கெல்லாம் அனுப்பிட்டிருந்தேன். நாடகம்னு சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டாரு. ஒவ்வொரு தடவையும் யாராவது கேப்பாங்கன்னு நெனைச்சு அனுப்புவேன். எல்லாரும் நல்லா நடிக்கறேன்னு எழுதினாங்க.” சிரிப்பது போல ஒரு சத்தம், சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும், பாதியில் நின்றது. “கடைசிக் காட்சி இன்னும் பாக்கி இருக்குல்ல அக்கா. வேற யாரையும் போட்டுடாதீங்க. நான் பேசித் தரேன்.”

வாசலில் முட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். “யாரு? அவனா?” என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போனார். குருவி அங்கே பேசிக்கொண்டே இருந்தாள். தன் வலது காதிலிருந்ததைக் கழற்றி, உடுத்தியிருந்த துணியில் ஒரு தடவை துடைத்து, குனிந்து, அவர் காதில் வைத்தார்.